பச்சோந்தி ஏறிய கை

அன்புள்ள சோவாவுக்கு,

உங்கப்பாவுக்கும் அம்மாவுக்கும் என் வணக்கத்தைச் சொல். உன் இருமல் நின்றதா? நான் நன்றாக இருக்கிறேன், மழைக்காட்டில் அட்டைக்கடி மட்டும்தான் தொல்லை.

இங்கே பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. போன வாரம் பாதை வெட்டும்போது ஒரு கொடியைப் பிடித்தேன். அதிலிருந்த பெரிய பச்சோந்தி என் கையைக் கிளை என்று நினைத்து ஏறிவிட்டது. ஒரு கண்ணால் என்னைப் பார்த்தது, மறு கண்ணால் வந்த வழியைப் பார்த்தது. நான் அசையவே இல்லை.

கூட வேலை செய்யும் ஸாஃபி சிரித்தான். "போச்சு மச்சான். பச்சோந்தியத் தொட்டவன மூணு நாளைக்குப் பொண்டாட்டி தொடக்கூடாது, தெரியுமில்ல?"

"நான் எங்கடா தொட்டேன்? அதுதான் என்னத் தொட்டுச்சு."

"ரெண்டும் ஒண்ணுதான்."

மூன்று நாள் இங்கேயே கழிந்துவிட்டதே என்றால், ஊருக்குப் போய் உன்னைப் பார்த்த பிறகுதான் கணக்கு ஆரம்பம் என்கிறான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அறுவடைக்குத் தரும் லீவே மூன்று நாள்தான்.

பழைய விலக்கெல்லாம் தெரிந்த உங்கப்பாவிடம் இந்தக் கணக்கு சரிதானா என்று கேட்டுப் பார். எனக்கென்று சொல்லாதே, யாருக்கோ என்று கேள். கொஞ்சம் கருவாடும் நீ பின்னிய பாயும் கொடுத்தனுப்பு. இங்குள்ள பாயில் தூக்கம் வருவதில்லை.

லாரி கிளம்புகிறது, டிரைவரிடம் இதைக் கொடுக்க வேண்டும். அதே கையால்தான் எழுதுகிறேன். இந்தக் காகிதத்தைப் பிடித்தால் என்னைத் தொட்டதாகுமா? தெரியவில்லை. ஆனால் ஆகட்டும், உடனே கீழே வைத்துவிடாதே.

உன்
பெஸாரா