ஓர் ஓட்டம் குறைவு

பிப்ரவரி 4, ஞாயிறு

எட்டு விக்கெட் வித்தியாசத்தில் தோல்வி. தோற்ற ஆட்டங்களின் பக்கங்களில் என் கையெழுத்து வரவர அழகாகிக்கொண்டே போகிறது. பழக்கம்தான்.

நாங்கள் எடுத்தது 61. அதில் அண்ணன் 17. எதிரணி அகலமாகவும் தாறுமாறாகவும் வீசி எங்களுக்குத் தானமாகக் கொடுத்தது 19. ஆக, இன்று எங்கள் அணியின் சிறந்த மட்டையாளர் எதிரணியின் கருணை.

தத்துவம் படித்துவிட்டு, வாரத்தில் ஆறு நாள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை. ஏழாம் நாள் மைதானத்து ஓரத்தில் மடக்கு மேசை, இரண்டு பென்சில், ஸ்கோர் நோட்டு. ஒரு பந்துக்கு ஒரு குறி. ஓட்டம் இல்லையென்றால் புள்ளி. எனக்குத் தெரிந்து இதைவிட நேர்மையான எழுத்து இல்லை. உரைநடையில் பொய்க்கு எத்தனையோ மூலைகள் உண்டு. புள்ளியில் எங்கே ஒளிவது?

பட்டியலில் எட்டு அணிகள். கடைசி அணி கீழ்ப் பிரிவுக்குப் போக வேண்டும். கடைசி அணி நாங்கள்தான். கையில் இரண்டு புள்ளி. எங்களுக்கு மேலே நூற்பாலை அணி, நான்கு புள்ளியோடு. அவர்கள் எல்லா ஆட்டமும் முடித்துவிட்டார்கள். சமமாக முடிந்தாலும் அவர்கள்தான் மேலே, எங்களை நேரில் இரண்டு முறையும் தோற்கடித்தவர்கள். எங்களுக்கு இன்னும் மூன்று ஆட்டம் இருக்கிறது.

இரவுச் சாப்பாட்டில் அண்ணன் சொன்னான்: "கீழ போனா மட்டையைப் பரண்ல போட்டுடுவேன். முப்பத்தெட்டு வயசு. போதும்."

அண்ணி நிமிராமலே, "பரண்ல இடமில்ல," என்றார்.

பிப்ரவரி 6, செவ்வாய்

அண்ணன் இந்தக் கிளப்புக்காக ஆடுவது பத்தொன்பதாவது வருடம். அரைச் சதம் ஒன்றுகூட இல்லை. அதிகபட்சம் 47. அதற்கு முன் 46. அதற்கும் முன் இன்னொரு 46. பழைய நோட்டுகளை இன்று புரட்டினேன். நாற்பதைத் தாண்டியதும் அவனுக்கு என்னவோ ஆகிவிடுகிறது. படிக்கட்டில் இன்னும் ஒரு படி இருக்கிறதென்று நினைத்துக் காலை வைக்கிற மாதிரி.

லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேரை மேலே ஏற்றி விடுகிறவன்.

பிப்ரவரி 11, ஞாயிறு

மழை. ஆட்டம் ரத்து, ஆளுக்கு ஒரு புள்ளி. இந்தப் பருவத்தில் நாங்கள் காட்டிய மிகச் சிறந்த ஆட்டம்.

பிப்ரவரி 18, ஞாயிறு

ஜெயித்துவிட்டோம். ஒரே ஓட்டத்தில்.

நாங்கள் 143. அவர்கள் 142. அண்ணன் ஆட்டமிழக்காமல் 50.

முறையாக எழுதுகிறேன். ஏழு விக்கெட் போன பிறகு ரொட்டி வந்தார். எங்கள் வேகப்பந்து வீச்சாளர். விடியற்காலையில் பேக்கரி அடுப்பை அணைத்துவிட்டு நேராக மைதானத்துக்கு வருகிறவர், கால்சட்டையில் எப்போதும் மாவு. அவர் ஓடுவது ஓட்டம் இல்லை, சரக்கு நகர்வது. அவரை வைத்துக்கொண்டு அண்ணன் ஒன்று, இரண்டு என்று பொறுக்கினான். என் பக்கத்து நாற்காலியில் எதிரணியின் ஸ்கோரர், மருந்துக் கடை அக்கா. பிளாஸ்க்கிலிருந்து எனக்கும் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். ஒரு தேனீ அந்தக் கோப்பையை விட்டு நகரவே இல்லை. கையை வீசி வீசி விரட்டியபடியே எழுதினேன்.

முப்பதாவது ஓவர், அதுதான் கடைசி, ஐந்தாம் பந்து. 49. மிட்விக்கெட் பக்கம் தட்டிவிட்டு ஓடினான். நான் எழுந்து நின்றுவிட்டேன். கை தட்டினேன். மொத்தக் கிளப்பும் தட்டியது — பதினொரு பேரில் ஒன்பது பேர், அண்ணி, கூடவே ஒரு நாய்.

அண்ணன் மட்டையைத் தூக்கவில்லை. ஒரு கணம் என்னையே பார்த்தான், விலாசம் தப்பி வந்த கடிதத்தைப் பார்ப்பதுபோல. பிறகு தூக்கினான். தூக்கியவன் இறக்கவில்லை. கடைசிப் பந்தை ரொட்டி அடித்துவிட்டு "வா, வா" என்று கத்துகிறார். இவன் மறுமுனையில் அண்ணியைப் பார்த்து மட்டையைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். சுலபமாக வந்திருக்க வேண்டிய ஓட்டம். போயிற்று.

ஐந்து புள்ளி. பிழைத்துவிட்டோம்.

பிப்ரவரி 19, திங்கள்

ரொட்டி கேக் கொண்டுவந்தார். மட்டை வடிவம், மேலே கிரீமில் 50. சுழியம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. அந்தத் துண்டை மட்டும் வெட்டக்கூடாது என்று அண்ணன் தடுத்துவிட்டான். குளிர்சாதனப் பெட்டியில் இருக்கிறது, ஒரு சாய்ந்த சுழியம்.

முடிவை நான்தான் தட்டச்சு செய்து கிளப் பலகையில் ஒட்டினேன். எண்களைத் தடித்த எழுத்தில் போட்டேன். கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான்.

பிப்ரவரி 22, வியாழன்

மதியம் கடைக்குத் தபால்காரர் வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கு நடுவர். உட்காரும்போதே சொன்னார்: "எல்லா மைதானத்துலயும் அம்பயர் கண்ணை டெஸ்ட் பண்ணிக்கோன்னு கத்துறாங்க. சரி, பண்ணிக்குவோம்னு வந்துட்டேன்."

சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டிவிட்டேன். வட்டக் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டேன். இதில் தெளிவா, இதிலா? இதிலா, முந்தினதா?

"முந்தினது," என்றார். பிறகு, பேச்சோடு பேச்சாக: "ஆனாலும் உங்க அண்ணன் கெட்டிக்காரன்ம்மா. நான் ஒரு ரன் கொறச்சும் ஒரு ரன்ல ஜெயிச்சுட்டீங்களே."

எந்த ரன் என்று கேட்டேன். குரல் எனக்கே தூரத்திலிருந்து கேட்டது.

"இருபத்தி நாலாவது ஓவர். உங்க ரொட்டி கோட்டைத் தொடாமலே திரும்பிட்டான். ரெண்டு ஓடினாங்க, ஒண்ணுதான் குடுத்தேன். தோளைத் தொட்டுக் காட்டினேனே. நீயும் கையைத் தூக்கினியே."

விரல் நுனிகளால் தோளைத் தொட்டால் ஓர் ஓட்டம் குறைவு என்று அர்த்தம். ஸ்கோரர் பார்த்துவிட்டேன் என்பதற்குக் கையைத் தூக்க வேண்டும். நான் கையைத் தூக்கினேன்.

தேனீயை விரட்ட.

அடுத்த கண்ணாடியைப் போட்டேன். இதில் தெளிவா? "இது பளிச்சுனு இருக்கு," என்றார். எழுதிக்கொண்டேன்.

பிப்ரவரி 23, வெள்ளி

நோட்டைத் திறந்து பார்த்தேன். 24-ஆவது ஓவர், நான்காம் பந்து: 2. மட்டையாளர் பக்கம் கூட்டினாலும் 143, பந்துவீச்சாளர் பக்கம் கூட்டினாலும் 143. எல்லாம் இடிக்காமல் பொருந்துகிறது. தப்பு கூட்டலுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறது. மருந்துக் கடை அக்கா அப்போது பிளாஸ்க்கை மூடிக்கொண்டிருந்தார். "ரெண்டா?" என்றார். "ரெண்டு," என்றேன். அவரும் எழுதினார். இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

142-க்கு 142. சமன். ஒரு புள்ளிதான். மொத்தம் நான்கு. பிழைக்கவில்லை — கடைசி ஆட்டத்தில் தோற்காமல் இருந்தால்தான் பிழைப்போம்.

அண்ணன் 49.

இது தெரிந்தவள் நான் ஒருத்திதான். நோட்டில் நான் குறைத்துவிட்டதாகத் தபால்காரர் நினைக்கிறார், குறைக்க வேண்டியிருந்ததே மற்றவர்களுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாத உண்மை உண்மைதானா என்று இரண்டாம் ஆண்டில் பன்னிரண்டு பக்கக் கட்டுரை எழுதினேன். நல்ல மதிப்பெண். என்ன முடிவுக்கு வந்தேன் என்று சுத்தமாக நினைவில்லை.

ராத்திரி தண்ணி எடுக்கப் போனேன். பெட்டியைத் திறந்தா அந்தச் சுழியம். ஏன்டி பாக்குற, மூடுன்னு எனக்கே சொல்லிக்கிட்டேன்.

பிப்ரவரி 24, சனி

சொல்லிவிட்டேன்.

அண்ணன் ஏழு மாடிக் கட்டடம் ஒன்றின் மொட்டை மாடியில் இருந்தான், லிஃப்ட் மோட்டார் அறையில். படியேறிப் போனேன். அறை முழுக்கக் கிரீஸ் வாசனை. எஃகுக் கயிறுகள் தரையிலிருந்த ஓட்டைக்குள் இறங்கி இருட்டில் மறைந்தன. பழைய துணியால் கை துடைத்துக்கொண்டே, "என்ன, லிஃப்ட் இருக்கிற கட்டடத்துல நடந்து வர்றே?" என்றான்.

சொன்னேன். தேனீயிலிருந்து தொடங்கினேன், கோர்வையாக வரவில்லை. முடிவில் "நாப்பத்தொம்பதுதான் அண்ணா" என்று நிறுத்தினேன்.

துணியை மடித்தான். இன்னொரு முறை மடித்தான்.

"எனக்கும் நாப்பத்தொம்பதுன்னுதான் இருந்துச்சு," என்றான்.

புரியவில்லை.

"ஒவ்வொரு ரன்னையும் மனசுக்குள்ள எண்ணுவேன். பத்தொம்பது வருஷமா எண்ணுறேன், எனக்குத் தப்பாது. நீ எந்திரிச்சுக் கை தட்டினே. சரி, நாம எங்கயோ ஒண்ணு விட்டுட்டோம்போலன்னு நெனச்சேன். உன் நோட்டுல தப்பு இருக்கும்னு தோணவே இல்ல."

அதற்குத்தான் அழுதேன். ஓட்டத்துக்காக இல்லை.

"அட, இதுக்குப் போய்," என்றான். கிரீஸ் கையோடு என் தலையைத் தொட வந்தவன், கையைப் பார்த்துவிட்டு முழங்கையால் இடித்தான். பிறகு, "கடைசிப் பந்துக்கு ஓடியிருக்கலாம். மட்டையை ஆட்டிக்கிட்டு நின்னேன் பாரு, கோமாளி மாதிரி. உன் தப்பு ஒண்ணு, என் தப்பு ஒண்ணு. லீக்குக்கு எழுதிடு. நீதான் நல்லா எழுதுவே."

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்? எழுதாமல் இருந்திருப்பேனா? தெரியவில்லை. அவன் சொல்லவில்லை என்பது மட்டும் தெரியும்.

இறங்கும்போது லிஃப்டில் வந்தேன். அவன்தான் ஓட்டினான், மேலிருந்து, கையால். மெதுவாக.

பிப்ரவரி 25, ஞாயிறு

கடிதம் நான்கு வரி. என் வாழ்நாளிலேயே பெயரடை இல்லாமல் எழுதிய முதல் உரைநடை.

முதலில் மருந்துக் கடை அக்காவிடம் சொன்னேன். சிரித்தார். "என் கையெழுத்தும் கீழ இருக்குல்ல? ரெண்டு பேரும் சேர்ந்து போடலாம்." போட்டார். அவர் அணிக்கு எதிர்பாராமல் ஒரு புள்ளி. அடுத்த முறை பிளாஸ்க்கோடு மூடி போட்ட கோப்பை கொண்டுவருவதாகச் சொன்னார்.

ரொட்டிதான் உடைந்துபோனார். கோட்டைத் தொடாமல் திரும்பியது தான்தான் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார். கேக்கை என்ன செய்வது என்றார். அண்ணி பெட்டியிலிருந்து அந்தத் துண்டை எடுத்து நான்காக வெட்டினார். "அம்பதுன்னாலும் நாப்பத்தொம்பதுன்னாலும் ருசி ஒண்ணுதான். சாப்பிடுங்க."

கொஞ்சம் காய்ந்திருந்தது. நன்றாகவே இருந்தது.

மார்ச் 3, ஞாயிறு

ஏழு ஓட்டத்தில் தோல்வி. கீழே போகிறோம்.

அண்ணன் 11. எல்.பி.டபிள்யூ. விரலைத் தூக்கியவர் தபால்காரர், நான் அளவெடுத்துக் கொடுத்த புதுக் கண்ணாடியோடு. அண்ணன் வெளியே வரும்போது மேசையருகே நின்று, "தெளிவாத்தான் பாத்திருக்காரு. உன் கண்ணாடியாச்சே," என்றான். எதிரணி ஸ்கோரர் சிரித்ததில் பென்சில் உருண்டு விழுந்தது.

எதிரணி ஆடும்போது ஒருமுறை தபால்காரர் தோளைத் தொட்டார். நான் எழுந்து நின்றே கையைத் தூக்கினேன். அவரும், தேவையே இல்லாமல், பதிலுக்கு ஒரு கையைத் தூக்கினார்.

பலகையில் முடிவை ஒட்டினேன். சாதாரண எழுத்தில். பக்கத்திலேயே பிப்ரவரி 18-இன் திருத்தமும்: 142–142. அண்ணன் பெயருக்கு எதிரே 49, ஆட்டமிழக்காமல். அதுவும் அவனுடைய அதிகபட்சம்தான் — இதை யாரும் கவனிக்கவில்லை.

மார்ச் 4, திங்கள்

அண்ணி பரணில் இரண்டு பெட்டிகளைத் தள்ளி வைத்தார். ஒரு மட்டை அளவுக்கு இடம்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

கடையிலிருந்து வந்தபோது வீடு முழுக்க ஆளி விதை எண்ணெய் வாசனை. மட்டைக்குப் பூசுவது. பரணைப் பார்த்தேன். அண்ணி அந்த இடத்தில் பழைய செய்தித்தாள்களை அடுக்கியிருந்தார்.

மாடி அறைக்கு வந்து இரண்டு பென்சிலைச் சீவி வைத்தேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

கீழ்ப் பிரிவு, முதல் ஆட்டம். 64 ஓட்டத்தில் வெற்றி.

மைதானம் சரிவானது. ஒரு பக்கம் அடித்தால் பந்து தானாகவே எல்லைக்கு உருளும், மறு பக்கம் அடித்தால் திரும்பி வரும். மேசைக்கு ஒரு கால் குட்டை. நோட்டுக்கு அடியில் கையைக் கொடுத்தபடி எழுதினேன். கோப்பைக்கு ஒரு தேனீ வந்தது. குடித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். என் கைகள் இரண்டும் மேசையைவிட்டு எழவில்லை.

அண்ணன் நாற்பதைத் தாண்டினான். நாற்பத்தாறு. நாற்பத்தேழு. ஒவ்வொரு பந்துக்கும் பக்கத்து ஸ்கோரரிடம் கேட்டுக் கேட்டு எழுதினேன். மனுஷர் சலித்துப்போய், "எனக்கும் எழுதத் தெரியும்ம்மா," என்றார்.

நாற்பத்தொன்பதில் கவர் பக்கம் தள்ளிவிட்டு ஓடினான். மட்டையைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு முழம் தேய்த்தான். நடுவரைப் பார்த்தேன். தோள் சும்மா இருந்தது. பக்கத்து நோட்டைப் பார்த்தேன். 50. நாற்காலியைப் பின்னால் தள்ளினேன்.

அங்கிருந்தே அண்ணன் உள்ளங்கையைக் காட்டினான். உட்கார்.

உட்கார்ந்தேன். அடுத்த ஓவரில் இன்னொரு ஓட்டம், அவசரமே இல்லாமல். அதையும் தேய்த்து முடித்தான். பிறகு மேசைப் பக்கம் திரும்பி நின்று காத்திருந்தான்.

51 என்று எழுதினேன். ஒன்று குறைத்தாலும் ஐம்பது. பென்சிலை வைத்தேன். எழுந்தேன்.

அதற்குப் பிறகுதான் மட்டையைத் தூக்கினான்.