மோர்ப்பானையும் பாழுங்கிணறும்

அக்கா,

இன்று மதியம் கோர்ட் கேண்டீனில் மோர் வாங்கினேன். பெருங்காயமும் கறிவேப்பிலையும் கலந்த அந்த வாசனை வந்ததும் குடிக்க முடியவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உங்களையே நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் காலமான பிறகு வரும் முதல் புரட்டாசி இது.

புரட்டாசிச் சனிக்கிழமை ராஜபாளையத்திலிருந்து நடந்து வந்து நம் பக்கத்துக் குன்றுக் கோயிலான திருவண்ணாமலையில் பெருமாளைச் சேவிப்பது உங்கள் வழக்கம். எல்லோரையும் போல நீங்களும் அந்தத் தென்னந்தோப்புக்குள் குறுக்கு வழியில் நுழைந்தீர்கள். புளியமரத்தடியில் தோப்புக்காரர் மோர்ப்பானை வைத்திருந்தார். குடித்துவிட்டு, அடுத்தவருக்கு இடம் விட்டு நகர்ந்தபோது, புல் மூடிக் கிடந்த பாழுங்கிணற்றுக்குள் விழுந்துவிட்டீர்கள். இடுப்பெலும்பு போயிற்று. அதன் பிறகு உங்களால் பேண்டேஜ் துணித் தறியில் நிற்க முடியவில்லை.

நான்தான் உங்கள் வக்கீலாக வழக்குப் போட்டேன். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இந்தம்மாவை யார் கூப்பிட்டது? அனுமதியில்லாமல் நுழைந்தவருக்குத் தோப்புக்காரர் எப்படிப் பொறுப்பு?" நியாயமான கேள்விதான். விழுந்தவர் பாவம் என்பதற்காக மட்டும் கோர்ட் யாரையும் பொறுப்பாக்காது. இன்னார் வருவார், நாம் அசட்டையாக இருந்தால் அவருக்கு அடிபடும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அந்த அளவுக்கு இருவருக்கும் நடுவில் ஒரு நெருக்கம் இருக்க வேண்டும். அப்போதுதான் கவனமாக இருக்கும் கடமை பிறக்கும்.

கூண்டில் ஏறிய தோப்புக்காரரிடம் நான் கிணற்றைப் பற்றிக் கேட்கவில்லை. மோரைப் பற்றிக் கேட்டேன். மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவருடைய வக்கீல் கண்ணைக் காட்டியும் நிறுத்தவில்லை.

"எங்க ஐயா காலத்துல இருந்தே வைக்கோம் சார். நடந்து வார சனம் நம்ம தோப்பு வழியாத்தான போகுது? தாகத்தோட அனுப்பலாமா?"

ஜனங்கள் வருவார்கள் என்று தெரியும் என்பது அவர் வாயாலேயே வந்துவிட்டது. செய்த தர்மத்தைச் சபையில் மறைத்துப் பேச நம்ம ஊர்க்காரர்களுக்கு வராது. மோர் கொடுத்து நிறுத்திய இடத்துக்குப் பக்கத்தில் இருந்த கிணற்றையும் அவர் கவனித்திருக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. ஜெயித்தோம்.

நீங்கள் சிரிக்கவில்லை. கோர்ட் வாசலில் கம்பை ஊன்றி நின்றுகொண்டு, "மோர் ஊத்துன புண்ணியத்தை வச்சே அவியள மாட்டிவிட்டுட்டீகளே தம்பி" என்றீர்கள். எனக்குச் சுருக்கென்றது.

அடுத்த புரட்டாசிக்கு அந்தத் தோப்புக்குப் பூட்டு விழுந்தது. பக்கத்துத் தோப்புகளிலும் பானை இல்லை. "ஒருத்தி போட்ட கேஸால ஊருக்கே மோர் போச்சு" என்று உங்கள் தெருவிலேயே பேசினார்கள்.

ரோட்டோரத்தில் நீங்களே ஒரு பானையோடு உட்கார்ந்துவிட்டீர்கள். அந்த வழியாக வந்த என்னை நிறுத்திக் கேட்டீர்கள்: "இங்க எவனாச்சும் வழுக்கி விழுந்தா என் மேல கேஸ் வருமா தம்பி?"

"வரலாம்க்கா."

"அப்பம் செத்த நேரம் இந்தக் கம்பைப் பிடிங்க."

சிந்திய மோரில் சேறாகிக் கிடந்த இடத்தில், உட்கார்ந்தபடியே மணலை அள்ளிப் போட்டீர்கள்.

அக்கா, எனக்கு அலுத்துவிட்டது. யாருக்கு யார் மேல் கடமை என்று தினமும் வாதாடுகிறேன். பாதி நாள், கடமையே இல்லை என்று வாதாடித்தான் சாப்பிடுகிறேன். தோப்புக்காரர்கள் வந்து, "மோர் வைக்கலாமா சார், வம்பு ஏதும் வருமா?" என்று கேட்கிறார்கள். வைக்காதீர்கள் என்பதுதான் ஒரு வக்கீல் சொல்ல வேண்டிய பதில். எனக்கு அது வாயில் வருவதில்லை. சுற்றிலும் தரையைப் பார்த்துவிட்டு வையுங்கள் என்கிறேன். ஒன்றிரண்டு பேர் வைக்கிறார்கள். மற்றவர்கள் தோப்பைப் பூட்டிக்கொண்டு, இன்னமும் உங்களைத்தான் திட்டுகிறார்கள். கூண்டில் நின்றவரிடம் மோரைப் பற்றிக் கேட்டது நான்; பேச்சு வாங்கியது நீங்கள். அது மட்டும் எனக்கு ஆறவே இல்லை.