இல்லை என்று சொன்ன மகளுக்கு

பல்லேபொல

அன்பு மகள் நிஷ்மியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வேலை கிடைத்துவிட்டது என்று நீ போனில் சொன்னதும் உம்மா அழுதுவிட்டாள். நான் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன். அல்ஹம்துலில்லாஹ். கெம்பஸ் முடியும் முன்பே கொழும்பில் நிதிக் கம்பனி வேலை என்று ஊரே பேசுகிறது. போனில் எல்லாம் பேசியாயிற்றே, பிறகேன் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் உம்மா பக்கத்தில் நிற்பாள். கொழும்புக்கு லொறி ஓட்டும் ஸஜ்ஜாத்திடம் மாசிச் சம்பலோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

முதல் இரண்டு நேர்முகத் தேர்விலும் உன்னைத் திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவது இடத்தில் ஒருவர் வேண்டுமென்றே பிழையான கணக்கைச் சொல்ல, நீ "சரி சார்" என்று தலையாட்டினாயாம். கணக்கு உனக்குத் தெரியாததா? பெரியவர்களை மறுத்துப் பேசாத வளர்ப்பு. அதை மாற்றத்தான் லீவில் வந்து என்னை மெனேஜர் போலக் கதிரையில் உட்காரவைத்தாய். சாரம் கட்டிக்கொண்டு இருந்தால் பயம் வராது, சேர்ட் போடுங்கள் என்றாய். நான் வாய்க்கு வந்த பிழையையெல்லாம் சொல்ல வேண்டும், நீ மறுக்க வேண்டும். முதலில் உனக்குக் குரலே எழும்பவில்லை. போகப்போக நீ போட்ட போட்டில் உம்மா அகப்பையோடு ஓடி வந்து, "வாப்பாவுக்கே வாய் காட்டுறியா?" என்று கேட்டாள்.

அந்தப் பழக்கம் இந்த முறை கைகொடுத்துவிட்டது. கிடங்கு நிறைய மிளகு வைத்திருக்கும் வியாபாரிக்குக் கண்ணை மூடிக்கொண்டு கடன் கொடுக்கலாம் என்று மெனேஜர் சொன்னாராம். விலை விழுந்தால் ஆளும் விழுவார், என் வாப்பாவே கேட்டாலும் கொடுக்கமாட்டேன் என்றாயாமே! நல்ல பிள்ளை பெற்றேன். சிரித்துச் சிரித்து வயிறு நோகிறது. ஆனாலும் மறுநாளே நம் கிடங்கில் இருந்த மிளகில் பாதியை விற்றுவிட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பெருநாளைக்கு மாத்தளை றினோஸ் வீட்டார் உன்னைப் பெண் கேட்டு வந்தார்கள். உன்னிடம் கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டு "சரி வாப்பா" என்றாய். அப்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இப்போது அந்தச் சரியை நினைத்தால் பயமாக இருக்கிறது. அது உன் மனதில் இருந்து வந்ததா, அல்லது அந்தக் கணக்குக்குச் சொன்ன சரி போன்றதா? அவர்களுக்கு நான் இன்னும் வாக்குக் கொடுக்கவில்லை.

சேர்ட் போட்டுக்கொண்டு, அதே கதிரையில் இருந்துதான் கேட்கிறேன் மகள். பயப்படாமல் பதில் சொல். எந்தப் பதில் வந்தாலும் வாப்பாவின் துஆ உன் பக்கம்தான்.

உன் வாப்பா
சாலிஹ்