சொல்லிக்கிட்டே சாப்டுங்க டீச்சர்

என் அருமை அருள்மேரி டீச்சர்,

உங்களுக்கு எழுத உட்கார்ந்தாலும் 'டீச்சர்' என்றுதான் கை போகிறது. ஒரே ஸ்டாஃப் ரூமில், ஒரே மேசைக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் நீங்களுமாக எத்தனையோ வருஷம் டிபன் பாக்ஸைத் திறந்திருக்கிறோம். ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டதில்லை. உங்கள் மகள் ஜெனிதான் என்னைப் பெரியம்மா என்று அழைத்து, நம்மைக் கேட்காமலேயே நம்மை அக்கா தங்கை ஆக்கினாள்.

நாளைக் காலையில் திருச்சிக்குக் கிளம்புகிறேன் டீச்சர். எடையைக் குறைக்க எனக்கு இரைப்பையில் அறுவை சிகிச்சை செய்யப் போகிறார்கள். சிரிப்பு வருகிறதா? 'ரிட்டயர்டு ஆனப்புறம் இடுப்பு வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க' என்று நீங்கள் கேட்பது எனக்குக் காதில் விழுகிறது. இடுப்புக்காக இல்லை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது. வீட்டுக்காரர் பாதி ராத்திரி என் பக்கத்தில் உட்கார்ந்து என் மூச்சைக் காவல் காக்கிறார். பெரம்பலூரில் பார்த்த டாக்டர், உடம்பைக் குறைக்காவிட்டால் ஒரு நாள் அந்த மூச்சு திரும்பி வராமலே போகலாம் என்று ஒளிக்காமல் சொன்னார். சொல்லிவிட்டுத் திருச்சிக்கு எழுதிக் கொடுத்தார். ஒளிக்காமல் சொன்னதற்கு அவருக்கு நன்றி.

ஆனால் கத்தியைவிட அதற்கு முன்னால் இருக்கிற இரண்டு வாரம்தான் பெரிய பரீட்சை. மெல்லுகிற பொருள் எதுவும் வாயில் படக்கூடாது. புரதப் பொடி கரைத்த பால், நீர்மோர், வடிகட்டிய சூப், தண்ணீர். ஏன் என்று கேட்டேன். என்னைத்தான் தெரியுமே, காரணம் தெரியாமல் எதையும் செய்ய மாட்டேன். திருச்சி டாக்டர் படம் போட்டுக் காட்டினார். நான் அதை என் பாணியில் மாற்றிக்கொண்டேன். டவுன் பஸ்ஸில் நடைவழி ஓரத்து சீட்டில் என்னைப் போல ஒரு அம்மா உட்கார்ந்திருக்கிறாள். ஜன்னல் சீட்டுக்குப் போக வேண்டியவர் அவளைத் தாண்ட வேண்டும். அவள் காலை ஒடுக்கிக்கொண்டால்தான் வழி. அந்த ஓரத்து அம்மாதான் கல்லீரல், ஜன்னல் சீட்டு இரைப்பை. சாப்பாட்டை நிறுத்தினால் கொழுப்பு கரைந்து கல்லீரல் ஒடுங்கிக்கொள்ளும். ஒடுங்கவில்லை என்றால் ஆபரேஷன் கிடையாது. 'நடுவுல ஒரு நாள் சாப்ட்டாலும் எங்களுக்குத் தெரிஞ்சிரும்மா' என்றார், நாம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்கிற அதே குரலில்.

சொந்தக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. தண்ணீர் ஆகாரம் என்றதும் ஆளாளுக்கு ஒரு விளக்கம். கஞ்சி தண்ணிதானே, கூழ் தண்ணிதானே, கருப்பஞ்சாறு தண்ணிதானே. வீட்டுக்காரரின் தங்கை ராஜாமணியை உங்களுக்கு நினைவிருக்கும். ரெட்டிபாளையத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறது. முதல் வாரமே தூக்குவாளி நிறையப் பாயசத்தோடு வந்து இறங்கினாள்.

"தண்ணியாத்தானே அண்ணி இருக்கு. வேணும்னா ஜவ்வரிசிய வடிச்சிட்டுக் குடிங்க."

சர்க்கரை கூடாது என்றேன். வெல்லம்தான் போட்டிருக்கிறேன் என்றாள். பத்தாண்டு பாடம் நடத்தினாலும் ராஜாமணியிடம் ஜெயிக்க முடியாது. தூக்குவாளியைத் திரும்பக் கொடுத்தபோது அவள் முகம் சின்னதாகிப் போனதைப் பார்க்க எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது.

வயிற்றுப் பசி மூன்று நாள்தான் டீச்சர். அதன் பிறகு அது அடங்கிப்போனது. நான்கு மணிக்கு வருகிற பசிதான் அடங்கவில்லை. அது நமக்குப் பள்ளிக்கூடம் விட்டு பஸ்ஸுக்கு நிற்கிற நேரம். டீக்கடையில் இரண்டு வாழைக்காய் பஜ்ஜி வாங்கினால் நீங்கள் ஒன்றில் பாதி சாப்பிடுவீர்கள், மீதி ஒன்றரையும் எனக்கு. நீங்கள் போன பிறகு அந்த நேரத்துக்கு நான் தனியாக எதையாவது தின்றுகொண்டே இருந்தேன். பசித்துத் தின்றேனா என்று கேட்டுக்கொண்டதே இல்லை.

ஒரு நாள் அந்த நேரத்தில் வீட்டில் யாரும் இல்லை. சோற்றுப் பானையின் மூடியைத் திறந்து நின்றுவிட்டேன். அப்போதுதான் ஜெனி போன் செய்தாள். இப்போது ஜெயங்கொண்டத்தில் வேலை பார்க்கிறாள். தினமும் ஒரு தடவை கூப்பிட்டுவிடுவாள். என் குரலைக் கேட்டதுமே கண்டுபிடித்துவிட்டாள்.

"பெரியம்மா, பசிக்குதா, இல்ல அழுவ வருதா?"

இத்தனை வருஷம் அறிவியல் நடத்தியவள், என் உடம்புக்குள் இருக்கிற இரண்டு விஷயத்தைப் பிரித்துச் சொல்லத் தெரியாமல் நின்றேன். பிறகு அழுதேன். அவளும் அழுதாள். மூடியை மூடிவிட்டு மோரைக் குடித்தேன். என் எடையில் எத்தனை கிலோ சோற்றால் வந்தது, எத்தனை கிலோ நீங்கள் இல்லாததால் வந்தது? எந்த மெஷின் அதைப் பிரித்துக் காட்டும்?

இன்னொரு கஷ்டம் வீட்டில் இருப்பவர்களின் அன்பால் வந்தது. நான் பட்டினி கிடக்கும்போது எப்படிச் சாப்பிடுவது என்று எல்லாரும் ஒளிந்து சாப்பிட ஆரம்பித்தார்கள். மருமகள் கவிதா அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு சமைப்பாள். மகன் ஆபீஸிலேயே முடித்துக்கொண்டு வருவான். வீட்டுக்காரர் 'சும்மா நடந்துட்டு வரேன்' என்று பஸ் ஸ்டாண்டு பக்கம் போவார். திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் சட்டையெல்லாம் சால்னா வாசனை. ராத்திரி எட்டு மணிக்கு எங்கள் வீடு துக்க வீடு மாதிரி இருக்கும். தட்டுச் சத்தம் கேட்டால்கூட யாரோ தப்புச் செய்துவிட்ட மாதிரி சட்டென்று நின்றுபோகும்.

அந்த அமைதியில் எனக்குப் பசி இரண்டு மடங்கானது டீச்சர். ஏன் என்று யோசித்தபோது உங்கள் நினைவுதான் வந்தது.

தவக்காலம் வந்தால் நீங்கள் ஒருசந்தி இருப்பீர்கள். பகலெல்லாம் தண்ணீர், சாயந்தரம் வீட்டுக்குப் போய் ஒரு வேளைச் சோறு. அதே மாதங்களில்தான் உங்கள் வரதராசன்பேட்டையில் முந்திரி காய்க்கும். பச்சைக் கொட்டையைக் கீறிப் பருப்பெடுத்து உங்கள் விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருக்கும். அந்தப் பருப்பைக் குழம்பு வைத்து எனக்காக ஒரு டப்பாவில் கொண்டுவருவீர்கள். நீங்கள் சாப்பிடாதபோது நான் எப்படிச் சாப்பிடுவது என்று டப்பாவை எடுத்துக்கொண்டு பீரோவுக்குப் பின்னால் போவேன். "ஒருசந்தி எனக்குத்தானே டீச்சர். ஒங்களுக்கு யாரு வச்சா? இங்க வந்து உக்காருங்க" என்பீர்கள்.

உங்களுக்கு ஒன்று தெரியுமா? என்னைப் போன்ற உடம்புக்காரி சாப்பிட உட்கார்ந்தால் சுற்றியிருக்கிற எல்லார் கண்ணும் தட்டின் மேல்தான் இருக்கும். 'இது பத்துமா டீச்சர்' என்று ஒரு சிரிப்பு வரும். அதனால் ஊரார் முன்னால் கோழி மாதிரி கொத்துவேன், அடுப்படியில் தனியாக நின்று சாப்பிடுவேன். என் தட்டை அளக்காமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரே ஆள் நீங்கள். இருக்கும்போது அதற்கு நான் நன்றி சொன்னேனா? சொல்லியிருக்க மாட்டேன். சாப்பாட்டுக்கு யாராவது அப்படி நன்றி சொல்வார்களா?

அப்புறம் உணவுக்குழாயில் அந்த நோய் வந்து உங்களுக்கும் தண்ணீர் ஆகாரம் என்றானது. ஸ்பூன் ஸ்பூனாக இறங்கும், பாதி திரும்பி வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் அரியலூரிலிருந்து பஸ் ஏறி உங்களைப் பார்க்க வருவேன். மத்தியானம் கட்டிக்கொண்டு வந்த சோற்றைக் கொல்லைப்பக்கம் முந்திரி மரத்தடிக்கு எடுத்துப் போய்ச் சாப்பிடுவேன். ஒரு நாள் நீங்கள் ஜெனியை அனுப்பி என்னைக் கூப்பிட்டீர்கள். குரல் கம்மிப்போய், காற்று மாதிரிதான் வந்தது.

"எம் முன்னாடி வச்சுச் சாப்டுங்க டீச்சர். நீங்க மறைஞ்சு சாப்டும்போதுதான் எனக்குப் பசிக்குது."

கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன். "என்ன கொழம்பு?" என்றீர்கள். வெண்டைக்காய்க் காரக்குழம்பு என்றேன். "சொல்லிக்கிட்டே சாப்டுங்க" என்றீர்கள். நான் சொன்னேன். புளி கொஞ்சம் தூக்கல், உப்பு சரி, வெண்டைக்காய் கொழகொழப்பு இல்லை, நன்றாக வதங்கியிருக்கிறது. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டீர்கள், நல்லெண்ணெயில்தான் தாளித்தீர்களா என்று குறுக்குக் கேள்வி வேறு. கணக்கு டீச்சர் அல்லவா, விடையைவிட வழிமுறை உங்களுக்கு முக்கியம். அதன் பிறகு நான் வந்த ஞாயிறெல்லாம் அப்படித்தான் சாப்பிட்டோம். ஆமாம், சாப்பிட்டோம் என்றுதான் எழுத வருகிறது.

இதை நினைத்துக்கொண்டு போன வாரம் ஒரு ராத்திரி கவிதாவைக் கூப்பிட்டேன். எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து என் முன்னால் சாப்பிடுங்கள் என்றேன். அவள் தயங்கினாள். "ஒங்கள வச்சிக்கிட்டு எப்புடி அத்த முழுங்கறது" என்றாள். சும்மா முழுங்கக் கூடாது, ஒவ்வொரு வாய்க்கும் எப்படி இருக்கிறது என்று எனக்குச் சொல்ல வேண்டும் என்றேன். எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவள் மாமனாரைத் திரும்பிப் பார்த்தாள்.

அன்றைக்குச் சுண்டைக்காய் வற்றல் குழம்பும் அப்பளமும். நான் என் டம்ளரோடு நடுவில் உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் ஒரு வாய் போட்டுவிட்டு, 'நல்லாருக்கு' என்றார். எப்படி நல்லாருக்கு என்றேன். கொஞ்சம் யோசித்து, 'நீ வைக்கிற மாதிரி இல்ல, ஆனா நல்லாருக்கு' என்றார். கவிதா சிரித்துவிட்டாள். அதன் பிறகு ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். நடுவில் எனக்குத் தாங்கவில்லை, எழுந்து வாசலுக்குப் போய் சிமெண்ட் லாரி போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பொய் சொல்ல மாட்டேன் டீச்சர், வாசனை பொல்லாதது. ஆனால் உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது. வீட்டுக்கு உயிர் திரும்பி வந்திருந்தது. டம்ளரை எடுத்துக்கொண்டு நானும் திரும்பி உள்ளே போனேன்.

இன்று மத்தியானம் ராஜாமணி மறுபடியும் வந்தாள். இந்தத் தடவை நாட்டுக்கோழிக் குழம்பும் சுடுசோறும். வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு என்னா ஆவும்னு யாருக்குத் தெரியும் அண்ணி? அப்புறம் ஒங்களால முன்ன மாதிரி திங்கவும் முடியாதாம்ல. ஆசப்பட்டத ஒரு வாய் சாப்டுட்டுப் போங்க. நான் யாருட்டயும் சொல்ல மாட்டேன்."

இரண்டு வாரத்தில் எனக்கு வந்த பெரிய சோதனை அதுதான். பசியால் இல்லை. அவள் பயந்துபோயிருந்தாள். நான் செத்துப்போய்விடுவேன் என்று பயந்து, அந்தப் பயத்தைக் கோழிக் குழம்பாக வைத்து எடுத்து வந்திருந்தாள். ஒரு வாய் வாங்கிக்கொண்டால் அவள் மனசு ஆறும். ஆனால் நாளைக்கு ஸ்கேனில் என் கல்லீரல் என்ன சொல்லும்?

தட்டை எடுத்துவந்து அவள் முன்னாலேயே வைத்தேன். நீ சாப்பிடு, எனக்குச் சொல் என்றேன். மாட்டேன் என்று அழுதாள். அண்ணி சொன்னால் கேட்க மாட்டாயா என்றேன். அழுதுகொண்டே ஒரு வாய் போட்டாள். மென்றாள். அழுகை பாதியில் நின்றது.

"உப்புப் போட மறந்துட்டேன் அண்ணி."

டீச்சர், அடுப்படியிலிருந்து கவிதா ஓடிவரும் அளவுக்கு நாங்கள் சிரித்தோம். உப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு ராஜாமணி முழுத் தட்டையும் சாப்பிட்டு முடித்தாள். எலும்பில் சாறு நன்றாக இறங்கியிருக்கிறது, மிளகு கொஞ்சம் தூக்கல், ஈரல் பஞ்சு மாதிரி என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் மோரைக் குடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். போகும்போது, நீங்க வந்ததும் ஒங்களுக்குத் தோதா என்னா செய்யணும்னு அந்த டாக்டர்ட்ட கேட்டுட்டு வாங்க என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நாளைக்கு டாக்டர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. நான் ஒரு வாயும் ஏமாற்றவில்லை என்பது மட்டும் தெரியும். இதை என் மனவுறுதி என்று எல்லாரும் பாராட்டுகிறார்கள். எனக்கு ஏது டீச்சர் அந்த உறுதி? என்னுடைய தண்ணீர் ஆகாரம் ஆபரேஷனுக்கு அப்புறம் சில வாரத்தில் முடிந்துவிடும். உங்களுடையது முடியாது என்று தெரிந்தும், எதிரில் இருந்தவள் வயிறார வேண்டும் என்று நினைத்தீர்கள். அதைப் பக்கத்திலிருந்து பார்த்தவளுக்கு இரண்டு வாரம் பெரிதா?

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். எத்தனையோ கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டாம் முறை சோறு வரும்போதெல்லாம் இலைக்கு மேலே கையை விரித்துப் 'போதும்ப்பா' என்பேன். பக்கத்து இலைக்காரர் பார்க்கிறாரே என்று வாய் சொன்ன சொல் அது. வயிறு ஒரு நாளும் அதைச் சொன்னதில்லை. குணமாகி வந்ததும், முதலில் பத்திரிகை வைப்பவர் யாராக இருந்தாலும் அந்தக் கல்யாணத்துக்குப் போவேன். ஓரத்து இலை தேடாமல் பந்தி நடுவில் உட்காருவேன். இலையில் இருப்பதில் ஒவ்வொரு வாய் எடுத்து, பொறுமையாக மெல்லுவேன். பரிமாறுகிறவர் வாளியோடு வந்து நிற்கும்போது அவர் முகத்தைப் பார்த்துப் 'போதும்' என்று சொல்வேன். அன்றைக்கு அது உண்மையாக இருக்கும்.

உங்கள் ஜெனிக்குப் பெரியம்மா,
வசந்தா
அரியலூர்