வெயில் போதாது, அண்ணி

அன்று உங்களிடம் நான் சொல்லாமல் விட்டது இவ்வளவுதான், அண்ணி: வெயில் போதாது. அந்தக் குளிசையை நிறுத்த வேண்டாம். நான் முன்பு சொன்னது தவறு.

இன்று அண்ணன் உங்கள் மழைச்சட்டையை உதறினார். பையிலிருந்து அந்தக் குளிசை அட்டை விழுந்தது. பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. “இது என்னா மருந்து?” என்று கேட்டார். சத்துக் குளிசை என்றேன். அட்டையை வாங்கி என் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

தைரொய்ட் ஆபரேஷன் முடிந்து நீங்கள் எல்கடுவைத் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பியபோது இரண்டு வகைக் குளிசை தந்திருந்தார்கள். ஒன்றை விடிய எழும்பி வெறும் வயிற்றில் போட்டீர்கள். ஒரு நாளும் மறந்ததில்லை. மற்றதை என்னிடம் நீட்டினீர்கள்.

“சயன்ஸ் டீச்சரம்மா, இது என்னாத்துக்கு?”

“விட்டமின் டி, அண்ணி. வெயில்ல நின்னாலே உடம்பு செஞ்சுக்கும்.”

“அட போ புள்ள! மலை வெயிலு பூரா என் தலையிலதான் எறங்குது. இதுக்கு வேற வேலைய விட்டுட்டு கிளினிக்குல போய் நிக்கணுமா?”

இருவரும் சிரித்தோம். அந்த வாரமே நிறுத்திவிட்டீர்கள்.

சில வாரம் கழித்து ஒரு மருத்துவப் புத்தகத்தில் கழுத்தின் படம் ஒன்றைப் பார்த்தேன். விட்டமின் டி ஓமோன் எங்கே போய்ச் சேர்கிறது என்று கறுப்புப் புள்ளிகளால் காட்டியிருந்தார்கள். தைரொய்ட்டில் பெரும்பகுதி வெறுமையாக இருந்தது. அதன் பின்னால் ஒட்டியிருக்கும், அரிசியளவான நான்கு சுரப்பிகளில் புள்ளிகள் அடர்ந்திருந்தன. ஆபரேஷனில் சிலருக்கு அவை காயப்படுமாம். அதன்பின் வெயில் தருவது பச்சைப் பொருளாகவே நின்றுவிடும். அதை ஓமோனாக்கும்படி அந்தச் சுரப்பிகளிடமிருந்து சிறுநீரகத்துக்குக் கட்டளை போகாது. குளிசையில் இருந்தது ஆக்கி முடித்த ஓமோன். அது இல்லாவிட்டால் இரத்தத்தில் கல்சியம் இறங்கும். முதலில் கை இழுக்கும். பிறகு வலிப்பு வரும். அந்தப் பக்கத்தை மூன்று தடவை வாசித்தேன்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு வந்தேன். உங்கள் வலக்கை விரல்கள் ஒன்றாகக் குவிந்து, மணிக்கட்டு மடங்கி, விரிய மறுத்து நின்றன.

“என்னாடி, கூடைய எறக்கியும் இன்னும் பறிக்கிறியா?” என்றார் பக்கத்தில் நின்ற பெண்.

“வீட்டுக்குப் போன்னா இந்தக் கை கேக்க மாட்டேங்குது. தொரைகிட்ட இதுக்கு மட்டும் ஓவர்டைம் கேக்கணும்!” என்றீர்கள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். “எங்க வீட்டுப் புள்ள படிச்சுச் சொன்னா” என்று குளிசையை விட்ட கதையை நீங்கள் ஏற்கனவே அவர்களிடம் பெருமையாகச் சொல்லியிருந்தீர்கள். அத்தனை பேர் முன்னால் என் பிழையைச் சொல்ல எனக்கு வெட்கம். வீட்டில் சொல்லலாம் என்று நினைத்தேன். வீட்டில் நீங்கள் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தீர்கள், கை விரிந்திருந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன்.

இப்போதும் வகுப்பில் அந்தப் பாடம் வருகிறது. நான் சொல்வதைப் பிள்ளைகள் ஒரு சொல் விடாமல் எழுதிக்கொள்கிறார்கள். அவர்கள் என்னை நம்புவதைத் தாங்க முடியவில்லை, அண்ணி. மறுபடி தவறாகச் சொல்லிவிடுவேனோ என்ற பயம்தான் என்னிடம் மிச்சம். அது குறைவதாகவும் இல்லை.

நான் சொல்லலாம் என்று விட்ட அந்த மறுநாள் காலையே மலையில் உங்களுக்கு வலிப்பு வந்தது. கொழுந்து லொறியில் ஏற்றினார்கள். மாத்தளைக்குப் போய்ச் சேருமுன் இறந்துபோனீர்கள்.