இன்றைய நிறம் பழுப்பு

பைன்ஃபோர்க், கென்டக்கி
ஜனவரி 9, 2017

அன்புள்ள வெர்லீன் அக்காவுக்கு,

லானி எழுதுகிறேன். போனில் பேசாதே, எழுது என்று நீ சொன்ன பிறகு இது ஆறாவது கடிதம். உன் குரலைக் கேட்டால் ஏமாந்துவிடுவேன், எழுத்தென்றால் இரண்டு தடவை படித்துப் பார்க்கலாம் என்றாய். நியாயம்தான். படித்துக்கொள்.

இன்றோடு இருநூற்றுப் பதினொரு நாள், ஒரு போதை மாத்திரையும் தொடவில்லை. போன வியாழக்கிழமை கோர்ட்டில் நீதிபதி ப்ரூயிட் அம்மாள், "எத்தனை நாளாச்சு, லானி?" என்று கேட்டார். சொன்னேன். எல்லாரும் கைதட்டினார்கள். மூன்று வருட ஜெயிலுக்குப் பதிலாக இந்தப் போதைக் கோர்ட்டுக்கு ஒத்துக்கொண்டபோது, கைதட்டல் எல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டு என்று நினைத்தேன். இப்போது புதன்கிழமையே அதற்காகக் காத்திருக்கிறேன்.

மற்றபடி அதே ஓட்டம்தான். காலை ஐந்தரைக்கு அந்த எண்ணுக்குப் போன் போட வேண்டும். பதிவு செய்த குரல் அன்றைய நிறத்தைச் சொல்லும். எனக்குக் கொடுத்திருப்பது பழுப்பு. பழுப்பு என்று சொல்லிவிட்டால் ஒன்பது மணிக்குள் போய்ப் போதைச் சோதனைக்குச் சிறுநீர் கொடுத்துவிட்டு மர ஆலைக்கு ஓட வேண்டும். பக்கத்தில் நின்று பார்க்கிற கிழவர் ஆர்விலுக்கு வாய் சும்மா இருக்காது. "என்னடா, இன்னிக்கும் மழை வராதா? நான் ரிட்டயர் ஆகறதுக்குள்ள குடுத்துருவியா?" என்கிறார். சாயங்காலம் கூட்டம், புதன்கிழமை ஆலோசனை, வியாழன் கோர்ட். களைப்பாக இருக்கிறது அக்கா. போதையில் கிடந்தபோதுகூட இவ்வளவு அலைந்ததில்லை.

மே மாதம் முடித்துவிட்டால் வழக்கே தள்ளுபடி. கேசியை என்னிடம் திருப்பித் தருவதைப் பற்றியும் அப்போது பேசலாம் என்றிருக்கிறார்கள். என் மகளுக்கு அந்த ஆடுகிற பல் விழுந்ததா?

உன் தம்பி,
லானி

* * *

டேடன், ஒஹாயோ
ஜனவரி 22, 2017

தம்பி லானிக்கு,

பல் விழுந்தது. பீன்ஸோடு சேர்த்து விழுங்கிவிட்டாள். தலையணைக்கு அடியில் வைத்தால் பல் தேவதை வந்து காசு தரும், இப்போது வைக்க ஒன்றுமில்லையே என்று ஒரே அழுகை. கடைசியில் ஒரு பீன்ஸ் விதையை வைத்துவிட்டுத் தூங்கினாள்.

அந்த எண்ணை நீ அவளிடம் சொல்லியிருக்கக் கூடாது. தினமும் ஐந்தரைக்கு என்னை எழுப்பிப் போன் போடச் சொல்கிறாள். "அத்தை, இன்னிக்கு அப்பா கலரா?" பழுப்பு என்றால் அன்றைக்குப் பழுப்புக் காலுறைதான் போடுவாள். உனக்குத் துணைக்காம். எனக்கும் பழகிவிட்டது. அந்தக் குரலைக் கேட்காமல் காபி இறங்குவதில்லை.

முதியோர் இல்லத்தில் ஆள் குறைவு. எனக்கு இரட்டை ஷிஃப்ட். முழங்கால் வீங்கியே இருக்கிறது. குறை சொல்லவில்லை, இருப்பதைச் சொல்கிறேன். நான்கு வருடமாக உன் பிள்ளையை வளர்க்கிறேன், அதற்கு முன்னால் இருபது வருடமாக உன்னை. உன்னைத் தேடி ஷெரீஃபின் ஆள் வந்து நின்றபோது "அவன் டென்னசி போய்ட்டானே" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன், நினைவிருக்கிறதா? நீ என் கட்டிலுக்கு அடியில் தும்மலை அடக்கிக்கொண்டு கிடந்தாய். அப்படியெல்லாம் செய்ய இனித் தெம்பில்லை. மே மாதம் வரைக்கும் மட்டும் ஒழுங்காக இருந்துவிடு.

அக்கா,
வெர்லீன்

* * *

டேடன்
பிப்ரவரி 8, 2017

லானி,

அவசரமாக எழுதுகிறேன். உன் போன் அணைந்தே கிடக்கிறது.

நேற்றுக் காலை பழுப்பு என்றது. பத்தரை மணிக்கு, உன் வழக்கைக் கவனிக்கிற ரோண்டா என்னைக் கூப்பிட்டாள். "உங்க தம்பி டெஸ்டுக்கு வரல. எங்கன்னு தெரியுமா?" எனக்கு முன்னால் என் வாய் பேசிவிட்டது. "கேசிக்கு நல்ல காய்ச்சல். நான்தான் உடனே கெளம்பி வான்னு சொன்னேன்" என்றேன். எழுத்தில் கேட்டாள். வேலை செய்கிற இடத்திலிருந்தே கையெழுத்துப் போட்டு ஃபேக்ஸ் அனுப்பிவிட்டேன்.

நீயும் அப்படியே சொல். நூற்றொரு டிகிரி என்று எழுதியிருக்கிறேன், மாற்றிச் சொல்லிவிடாதே.

எங்கே போனாய்? வேண்டாம், எனக்குச் சொல்லாதே.

வெர்லீன்

* * *

கவுண்டி ஜெயில், பைன்ஃபோர்க்
பிப்ரவரி 13, 2017

அக்கா,

உன் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. அது வருவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

திங்கட்கிழமை பலகை அடுக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டது. பக்கத்தில் நின்றவன் ஒரு மாத்திரை நீட்டினான், நான் அடிமையாகிக் கிடந்த அதே வலி மாத்திரை. ஒன்றுதான். வாங்கி விழுங்கினேன். மறுநாள் பழுப்பு என்றதும் பயந்து போனை அணைத்துவிட்டு அறையிலேயே கிடந்தேன். புதன்கிழமை காலையில், யாரும் கேட்பதற்கு முன்னால், நானே ரோண்டாவிடம் போய் உள்ளதைச் சொன்னேன். என் வாழ்க்கையில் முதல் தடவை அக்கா. இங்கே தவறியவனைவிடப் பொய் சொன்னவனுக்குத்தான் தண்டனை அதிகம். தானாக வந்து சொன்னால் இரண்டு நாள் ஜெயில், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை நீதிபதி அம்மாளின் மேஜையில் உன் ஃபேக்ஸ் இருந்தது. அதைப் படித்தார். "அக்கா ஒண்ணு சொல்றாங்க, நீ ஒண்ணு சொல்றே. மொதல்ல அவங்கள எழுதச் சொல்லிட்டு, அப்புறம் பயந்துபோய் இங்க ஓடி வந்தியா?" என்றார். இல்லை என்றேன். இத்தனை வருடம் நான் இல்லை என்று சொன்னதெல்லாம் அவர் காதில் விழுந்திருக்கும் போல. பதினான்கு நாள் ஜெயில். இருநூற்று முப்பத்தொன்பது நாளும் போச்சு. முதல் படியிலிருந்து தொடங்க வேண்டும். மே இல்லை, அடுத்த ஜனவரி.

நான் பொய் சொன்னபோதெல்லாம் ஊரே நம்பியது. உண்மை சொன்ன அன்றைக்கு ஒருத்தரும் நம்பவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். கேட்காமலிருக்க மூன்று நாள் முயன்று பார்த்தேன். கேசி உன்னிடமே இருக்க வேண்டும் என்பதற்காகவா இப்படிச் செய்தாய்?

லானி

* * *

டேடன்
பிப்ரவரி 24, 2017

அன்புத் தம்பி லானிக்கு,

இதற்கு முன் மூன்று கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். மூன்றிலும் எனக்காக நானே வாதாடிக்கொண்டிருந்தேன்.

நீ கேட்டதற்குப் பதில்: இல்லை. உன்னைக் காப்பாற்றத்தான் சொன்னேன். உன் பெயரை யாராவது கேட்டாலே எனக்குப் பொய்தான் வருகிறது. நீ கெட்டுப்போன வருடங்களில் நான் கற்றுக்கொண்டது அது. நீ பொய்யை விட்டுவிட்டாய் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஆனால் இன்னொன்றும் உண்டு. அடுத்த ஜனவரி என்று படித்ததும் எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டிருக்கும்போதே, கேசி இன்னும் எட்டு மாதம் கூடுதலாக என்னோடு இருப்பாள் என்று நெஞ்சு லேசானது. அதை மறைக்க மாட்டேன். நீ என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்.

கேசியிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். "அப்போ எனக்குக் காய்ச்சலே வரலியே அத்தை, ஏன் அப்படிச் சொன்ன?" என்று கேட்டாள். ஒன்பது வயதுப் பிள்ளையை அங்கேயே விட்டுவிட்டுப் பாத்திரம் துலக்கப் போய்விட்டேன்.

ரோண்டாவிடம் பேசினேன். மார்ச் இரண்டு, வியாழக்கிழமை, கேசியை அழைத்துக்கொண்டு கோர்ட்டுக்கு வருகிறேன். காய்ச்சல் கதை என்னுடையது, லானி என்னைக் கேட்கவே இல்லை என்று நீதிபதி முன்னால் சொல்வேன். போன நாட்களைத் திருப்பித் தருவார்களா தெரியாது. தர மாட்டார்கள் என்றுதான் ரோண்டா சொல்கிறாள். ஒன்று தெரிந்துகொள், இனி அவள் உன்னைப் பற்றி எது கேட்டாலும் உள்ளதைத்தான் சொல்வேன். அதனால் நீ உள்ளே போக நேர்ந்தாலும் சொல்வேன்.

உனக்காக நான் கடைசியாகப் பொய் சொன்னது பிப்ரவரி ஏழு. இன்றோடு பதினேழு நாள். மாத்திரையைத் தொட்டதிலிருந்து உனக்கு என்னைவிட ஒரு நாள் கூடுதல். வியாழக்கிழமை எத்தனை நாள் என்று அந்த அம்மாள் கேட்டால் இருபத்து நான்கு என்று சத்தமாகச் சொல். உனக்குக் கைதட்டி முடித்த பிறகு நான் எழுந்து என் நாளைச் சொல்வேன். எனக்கு யாரும் கைதட்டாவிட்டால் நீயாவது தட்டு.

அக்கா,
வெர்லீன்