மண்ணுக்குப் போகாத கம்பி

செவிலிமேடு,
ஞாயிறு காலை.

அன்புள்ள பிரவீனா அண்ணிக்கு, சுகாசினி எழுதுவது.

கேட்காமல் கொள்ளாமல் கடிதம் போடுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். போனில் உங்கள் குரலைக் கேட்டால் எனக்குப் பேச்சு வராது என்பது உங்களுக்கே தெரியும். மூன்று வருடம் ஒரே வீட்டில் இருந்தும் நாம் பேசியதையெல்லாம் எழுதினால் ஒரு பக்கம் தேறாது. அண்ணனின் காரியம் முடிந்து நீங்கள் ஓசூருக்குப் பஸ் ஏறிய அன்றும் நான் வாசல் வரைதான் வந்தேன். எழுத உட்கார்ந்தால் கொஞ்சம் தைரியம் வருகிறது.

அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறாள். நீங்கள் விட்டுப்போன புடவைகளை மடித்து பீரோவில் வைத்திருக்கிறேன். ஹாஸ்டல் சாப்பாடு உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா? வேலையில் நிற்க வைத்தே கொல்கிறார்களா, உட்கார விடுகிறார்களா?

அண்ணன் வாங்கிய, கையில் வைத்து ஆடும் அந்த வீடியோ கேம் பெட்டியைப் பற்றித்தான் எழுத வேண்டும். அந்தப் பேச்சே உங்களுக்குப் பிடிக்காது. ஆனாலும் படியுங்கள்.

வாங்கிய புதிதில் அதற்கு அவர் செய்த உபசாரம் நினைவிருக்கிறதா? தானே ஒயர்மேன், ஊர் முழுக்க வீடுகளுக்கு லைன் இழுத்தவர். அதனால் நம் வீட்டுக் கரண்டை மட்டும் நம்பமாட்டார். மின்னழுத்தம் எகிறினால் தாங்கிக்கொள்ளும் பெட்டி ஒன்றைச் சுவரில் பொருத்தினார். மோட்டார் ஓடும்போது சார்ஜ் போடக்கூடாது, இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும், ஈரக்கையோடு தொடக்கூடாது, காலில் ரப்பர் செருப்பு இருக்க வேண்டும் என்று ஏகப்பட்ட சட்டம். “எனக்கு ஜுரம் வந்தா கூட இந்தக் கவனிப்பு கெடையாது” என்றீர்கள். அவர் ஆட்டத்துக்குள் ஏரிக்கரையில் கட்டியிருந்த சின்ன வீட்டைக் காட்டி, “இந்த வூட்டுல மட்டும்தாம்மா கரண்டு ப்ராப்ளம் இல்ல. கூரை போட்டதும் ரெண்டு பேரும் குடி பூந்துடலாம்” என்றார். நீங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனீர்கள். நான் பார்த்தேன்.

காரியம் முடிந்த நான்காம் நாள் அம்மா அந்தப் பெட்டியை எடுத்து அண்ணன் படத்துக்குக் கீழே வைத்தாள். “அவன் பொருளு அணையக் கூடாது” என்று சீரியல் பல்பு மாட்டிய அதே ஸ்விட்ச் பலகையில் சார்ஜரையும் செருகினாள். சுவரில் இருந்த பாதுகாப்புப் பெட்டியைக் காரியத்துக்கு வந்த மைக்செட்காரர் கழற்றிப் போட்டது போட்டபடி கிடந்தது. அண்ணன் எந்த இடத்தில் நிறுத்தினாரோ ஆட்டம் அங்கேயே நின்றிருந்தது. மஞ்சள் சட்டை போட்ட அந்தச் சின்ன ஆள், ஏரியைப் பார்த்துக்கொண்டு, நமக்கு முதுகைக் காட்டியபடி.

மறுநாள் காலை தண்ணீர் வந்தது. மோட்டார் போட்டுக் குடங்களை நிரப்பிவிட்டு, ஈரக்கையோடு அம்மா அதைத் தொட்டாள். “சுகா, சுர்ருனு புடிக்குதுடீ” என்றாள். நான் ஓடிவந்தேன். திரையில் யாருடைய விரலும் இல்லை. மஞ்சள் சட்டைக்காரன் திரும்பினான். இரண்டு அடி வைத்து நின்றான். பிறகு வெட்டி வெட்டி இன்னும் இரண்டு அடி.

அம்மா அழவில்லை. “வந்துட்டாம்பா” என்று மட்டும் சொன்னாள்.

அன்றிலிருந்து தண்ணீர் வரும் காலையிலெல்லாம் அவன் நடந்தான். அம்மா வெறுங்காலோடு சிமெண்ட் தரையில் உட்கார்ந்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அதன் உலோக முதுகைத் தடவிக்கொடுப்பாள். விரலில் சுர்ரென்று ஏறும்போது கண்ணை மூடிக்கொள்வாள். “துன்னியாப்பா? வேலைக்குப் போவலியா?” என்று கேட்பாள். பக்கத்து வீட்டு குப்புசாமி சம்சாரம் வந்து பார்த்துவிட்டு, கும்பிட்டுப் போனாள்.

எனக்குக் காரணம் தெரியும் அண்ணி. நம் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான், படித்ததும் மின்சாரம்தான். மோட்டாரில் கசிவு இருக்கிறது. அது தண்ணீர்க் குழாயில் ஏறுகிறது, சார்ஜரின் மூன்றாவது முள்ளான எர்த் முள் வழியாகப் பெட்டியிலும் ஏறுகிறது. அப்போது தொடுதிரை பைத்தியம் பிடித்ததுபோல் தானாக வேலை செய்யும். டெஸ்டரை வைத்துப் பார்த்தேன், குழாயிலும் விளக்கு எரிந்தது. இந்தக் கசிவெல்லாம் மண்ணுக்குள் போய்விட வேண்டும். அதற்குத்தான் அண்ணன் பின்கட்டில் குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டி, இரும்புக் குழாய் புதைத்து, வீட்டின் எர்த் கம்பியை அதில் முடுக்கியிருந்தார். வெள்ளிக்கிழமை வீடு கழுவியதும் கடைசி வாளித் தண்ணீரை அதில்தான் ஊற்றுவார்.

பதினாறாம் நாளுக்குச் சனங்கள் உட்கார வேண்டும் என்று மாணிக்கவேல் மாமா பின்கட்டு முழுக்க சிமெண்ட் போடச் சொன்னார் அல்லவா? கொத்தனார் பழனி, “இந்தக் கம்பி என்னாத்துக்குங்க?” என்று கேட்டார். “வெட்டிப் போடுபா, காலு தடுக்குது” என்றார் மாமா. நான் டீத் தட்டோடு மூன்றடி தள்ளி நின்றிருந்தேன். அத்தனை ஆம்பிளைகள் நடுவில் வாயைத் திறக்கக் கூச்சமாக இருந்தது. கம்பி அறுந்ததையும், குழாய்மேல் கலவை விழுந்ததையும் பார்த்துக்கொண்டே டீ கொடுத்தேன்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிமெண்டை உடைத்துக் கம்பியைச் சேர்த்தால் இது நின்றுவிடும், மண்ணுக்குப் போய்விடும் என்றேன். அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. அம்மா எழுந்துபோய்ப் பின்கட்டில் அந்தச் சிமெண்ட் மேலேயே படுத்துக்கொண்டாள். “ஒருவாட்டி மண்ணுல போட்டது பத்தலியா ஒனக்கு? படிச்சவ, நீயே குழி தோண்டறியா?” என்றாள்.

போன செவ்வாய்க்கிழமை காலை அவள் கை குழாயோடு ஒட்டிக்கொண்டது. குடம் உருண்ட சத்தம் கேட்டுப் போனேன். வாய் திறந்திருந்தது, குரல் வரவில்லை. நான் மெயினை இறக்கியதும் விழுந்தாள். உள்ளங்கையில் காசளவுக்குக் கருகியிருந்தது. மருந்து போடும்போது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை உங்களுக்கு எப்படி எழுதுவேன்? “கைய இறுக்கிப் புடிச்சிக்கினான் சுகா. வுடவே இல்ல” என்றாள். இன்னொரு தடவை நான் வீட்டில் இல்லாதபோது இப்படி நடந்தால் அம்மா இருக்கமாட்டாள்.

அன்றே மோட்டாரின் ஒயரைக் கழற்றிவிட்டேன். தெருக்குழாயில்தான் தண்ணீர் பிடிக்கிறேன். சார்ஜரை எடுத்து அரிசி டப்பாவில் ஒளித்து வைத்தேன். இதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

புதன்கிழமை தேர். தேர் நிலைக்கு வரும்வரை எங்கள் பக்கமும் கரண்டை நிறுத்தியிருந்தார்கள். துக்க வருடம் என்பதால் நாங்கள் போகவில்லை. தெருவே காலி. மின்விசிறி இல்லை, எந்த வீட்டிலும் டிவி சத்தம் இல்லை. பெட்டி மேசைமேல் இருந்தது. அம்மா சுவரோரம் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

அவன் நடந்தான் அண்ணி.

வெட்டி வெட்டி அல்ல. யாரோ கையில் வைத்து ஆடுவதுபோல் நிதானமாக. ஏரிக்கரையை விட்டு, வரப்பு வழியாக, இத்தனை நாள் அவன் போய்ச் சேராத அந்தக் கூரையில்லாத வீட்டு வாசலுக்குப் போனான். பிறகு திரும்பி, நம்மைப் பார்த்து நின்றான். நான் தொட்டுப் பார்த்தேன். சுர்ரென்று இல்லை. ஒன்றுமே இல்லை. கண்ணாடி மட்டும் சில்லென்று இருந்தது.

இன்றைக்கு ஐந்தாம் நாள். சார்ஜ் போடவே இல்லை. இன்னும் அணையவில்லை. அங்கேயே நிற்கிறான். நான் படித்த எதிலும் இதற்குப் பதில் இல்லை. அம்மாவிடம் இதை மட்டும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பழனி வந்து சிமெண்டை உடைப்பதாகச் சொல்லியிருக்கிறார். இந்தத் தடவை நானே போய் அவரிடம் பேசினேன். கம்பியும் கரியும் உப்பும் வாங்கி வைத்துவிட்டேன். அம்மா கடைசியில் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்: “அவ வந்து சொல்லட்டும். அவ சொன்னா வுட்டுடறேன்.” காரியத்தன்று உங்களைப் பேசிய பேச்சுக்கு அவள் மன்னிப்புக் கேட்கும் விதம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அம்மாவுக்காக மட்டும் உங்களைக் கூப்பிடவில்லை. அன்று காலை அண்ணன் சாப்பிடாமல் வண்டியை எடுத்தபோது, “அந்தப் பொட்டியையே கட்டிக்கினு அழுங்க, நான் எதுக்கு?” என்று நீங்கள் சொன்னது சமையலறையில் இருந்த எனக்குக் கேட்டது. யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். லாரி வந்ததற்கும் அந்த வார்த்தைக்கும் சம்பந்தம் இல்லை. வாசலில் அவர் சிரித்துக்கொண்டேதான் செருப்பை மாட்டினார். அதையும் நான் பார்த்தேன். உங்களிடம் சொல்லத்தான் இத்தனை நாளாக எனக்கு வாய் வரவில்லை.

வியாழன் இரவுக்குள் வந்துவிடுங்கள் அண்ணி. உங்கள் ரப்பர் செருப்பை வாசலிலேயே வைத்திருக்கிறேன். நான் கம்பியை முடுக்கித் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால், அந்தப் பெட்டியை ஒருமுறை உங்கள் கையில் எடுத்து, கோபம் இல்லை என்று சொல்லுங்கள். நீங்கள் சொன்னால்தான் அவர் உள்ளே போவார்.

உங்கள் நாத்தனார்,
சுகாசினி